மரியாதை மனசுல இருந்து வரணும், மிரட்டி வரவைக்க முடியாது!

(மாணவரணி பயிலரங்க உரையிலிருந்து...)



தேசபக்தியைக் கட்டாயப்படுத்தி ஊட்டணும்னு சொல்றவங்களுக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லுங்க.

அங்கே காலையில பிள்ளைங்க எழுந்து நின்னு, கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்வாங்க. அதை எழுதினது யாரு? அரசாங்கமா? ராணுவமா? இல்லை! கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 400-ஆவது ஆண்டு விழாவுக்காக, 1892-ல் 'யூத்ஸ் கம்பானியன்' என்ற பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி, போதகர், சோஷலிஸ்ட். அந்தப் பத்திரிகை பள்ளிகளுக்குக் கொடி விற்பனையும் செய்துகொண்டிருந்தது!

அப்போ வணக்கம் எப்படித் தெரியுமா? கொடியை நோக்கிக் கையை நீட்டணும். ஹிட்லர் கூட்டமும் அதே மாதிரி கையை நீட்ட, அமெரிக்கர்களுக்கே சங்கடமாகிப் போச்சு. 1942-ல் அதை மாற்றி, நெஞ்சில் கை வைக்கச் சொன்னார்கள். உறுதிமொழியில் கடவுள் பெயர் நுழைந்தது 1954-ல், கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது. ஆக, இது வானத்திலிருந்து விழுந்ததில்லை. மனுஷன் எழுதினது, மனுஷன் மாத்தினது.

இனிதான் முக்கியமான விஷயம். 1935-ல் பென்சில்வேனியாவில் 12 வயசு அக்கா, 10 வயசு தம்பி. யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். "கொடியை வணங்க எங்கள் மதம் அனுமதிக்காது" என்றார்கள். பள்ளி வெளியே அனுப்பியது. 1940-ல் உச்ச நீதிமன்றமும் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கமே நின்றது. விளைவு? அந்தச் சிறுபான்மை மக்கள் மேல பல ஊர்களில் தாக்குதல்! வழிபாட்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள்.

மூணே வருஷம். 1943 ஜூன் 14, அந்த நாட்டின் கொடி நாள். உலகப் போர் உச்சத்தில் இருக்கும்போதே, அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்று தன் தீர்ப்பைத் தானே திருத்தியது. குடிமக்கள் எதை நம்பணும்னு எந்த அதிகாரியும் உத்தரவு போட முடியாது என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன்.

நம்ம நாட்டிலும் இதுபோல நடந்திருக்கு. 1985-ல் கேரளாவில், தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னும், பாடவில்லை என்பதற்காக மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் நம் உச்ச நீதிமன்றம் அந்த அமெரிக்க வழக்குகளையும் அலசி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

தோழர்களே, கொடியை நாம் நேசிக்கிறோம், எழுந்து நிற்கிறோம். ஆனா வாய் திறக்காத ஒரு குழந்தையை யாராவது தேசத்துரோகின்னு சொன்னா, இந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்து முன்னாடி வையுங்க.



#கருத்துரிமை #மனசாட்சி_உரிமை