மீன் தொட்டிக்கு மென்னீர்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை நிரப்பிவிடுவதே காரணம். உப்பு விளைவிப்போருக்கு இடையூறான அந்த மழை, மீன் வளர்ப்போருக்கோ அருஞ்செல்வமாகும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் கழுவெளி ஏரியும் அணைத்துள்ள இக்கரையில், கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாயும் கடினமாயும் இருக்கிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிடையாதபோது 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மோலி, கப்பி போன்ற மீன்கள் கடின நீரில் குறையின்றிக் குஞ்சு ஈனும். அவற்றுக்காக நீரை மாற்ற முனைவது வீண்வேலை. அமேசான் காட்டாறுகளுக்கு உரிய நியான் டெட்ராவின் கதை வேறு. கடின நீரில் அது இடும் முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை.

சோப்பு நன்கு நுரைத்தால் மென்னீர் என்று பள்ளியில் படிக்கிறோம். அது மெய்யே, எனினும் மீனுக்கு அச்சோதனை போதாது. வீடுகளில் பொருத்தும் மென்னீர்க் கருவி, கால்சியத்தை எடுத்துக்கொண்டு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. சோப்பு நுரைக்கும், கரைந்துள்ள உப்பின் அளவோ ஏறத்தாழ அப்படியே நிற்கும். 'ஆர்.ஓ.' எனப்படும் கருவி உப்பை உண்மையாகவே பிரிக்கிறது. ஆயினும் ஒரு குடம் நன்னீருக்கு இரண்டு மூன்று குடம் நீர் கழிவாகிவிடும். நன்னீர் அருமையான கடற்கரையில் அது எனக்கு உவப்பான வழியன்று.

ஆகவே மழைநீரையே நான் முதலில் கூறுவேன். ஆனால் அதை ஏந்தும் முறையில்தான் ஆபத்து இருக்கிறது. கடற்காற்று கொணரும் உப்பும், புழுதியும், பறவை எச்சமும் கூரையில் படிந்திருக்கும். முதல் மழைகளை ஓடவிட்டு, கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின்னரே நீரைப் பிடிக்க வேண்டும். ஓட்டுக் கூரை நன்று. துத்தநாகம் பூசிய தகரம் ஆகாது. செப்புக்குடத்து நீர் நமக்கு நல்லது என்பர். மீனுக்கோ செம்பு நஞ்சு. அதிலும் மென்னீரில் இவ்வுலோகங்கள், கடின நீரில் இருப்பதைவிடக் கொடுமையாக மீனைத் தாக்கும். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் மென்மையானதே. எனினும் செப்புக் குழாய்மேல் வழிந்து வரக்கூடுமாதலால் அதையும் விலக்குக. புதுச் சிமெண்டுத் தொட்டியோ சுண்ணாம்பைக் கசியவிட்டு மழைநீரையே கடினமாக்கிவிடும். உணவுப்பொருள் வைக்கும் பிளாஸ்டிக் பீப்பாயோ கண்ணாடிக் கலமோ போதுமானது.

தனி மழைநீரை மட்டும் தொட்டியில் ஊற்றலாமா? கூடாது. உப்பே இல்லாத நீரில் அமிலத்தன்மை திடீரென்று ஏறிவிடும். உவர்ப்பில்லாத கிணற்று நீர் சிறிது கலப்பதே தக்கது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள கிணற்று நீர் ஒரு பங்கும், மழைநீர் ஒன்பது பங்கும் சேர்ந்தால் கடினம் 40 ஆகும். நியான் இனப்பெருக்கத்திற்கு அது ஏற்றதொரு தொடக்கம்.

முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரியும். அவற்றிற்கு வெளிச்சம் ஆகாது; தொட்டியைக் கருந்துணியால் மூடிவையுங்கள்.