அனுமதியோடு எடுக்கும் படம்: ராணுவ வண்டிகளும் மாதிரிக் கலையும்

ராணுவ வண்டிகளைச் சிறு அளவில் அச்சு அசலாகச் செய்யும் கலையில் பாதி வேலை, பசையையும் வர்ணத்தையும் தொடுவதற்கு முன்பே நடக்கிறது. உண்மையான வண்டியைக் கண்ணால் பார்த்து அறிவதுதான் அந்தப் பாதி. 35-இல் ஒரு பங்கு அளவில் செய்தால், ஏழு மீட்டர் நீள உடல் இருபது சென்டிமீட்டராகச் சுருங்கும். ஒரு சென்டிமீட்டர் அகல வெல்டிங் தழும்போ கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதையும் விடாமல் செய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. அதற்கு நல்ல படங்கள் வேண்டும். நல்ல படங்களுக்கு வண்டியின் அருகே போக வேண்டும். அருகே போக அனுமதி வேண்டும்.

இந்த 35-இல் ஒரு பங்கு என்ற அளவு கணக்குப் போட்டு வந்ததல்ல. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1961-இல் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. மோட்டாரை ஓட்டும் பேட்டரிகள் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகவே அந்த உருவளவு அமைந்தது. பின்னர் அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு என்று தெரியவந்தது. அந்நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு தமியா, அமெரிக்காவின் அபர்டீன் படைக்கல அருங்காட்சியகத்துக்கே நேரில் போய், அங்கிருந்த டாங்கிகளைப் படமெடுத்தார். தொழிற்சாலை தொடங்கி வீட்டு மேசை வரை, இந்தக் கலை இப்படி நேரில் பார்த்து வளர்ந்தது.

ராணுவங்கள் அனுமதி தரத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1961-இல் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கியின் மாதிரியை 2.98 டாலருக்கு விற்றது. அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குப் பொறுப்பாயிருந்த அட்மிரல் ரிக்கோவர், அது எதிரிக்குத் தகவலை வாரி வழங்குகிறது என்று கண்டித்தார். 1986-இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் ரேடாருக்குப் புலப்படாத போர் விமானம் என்று ஒரு மாதிரியை வெளியிட்டபோது, அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 1988-இல் உண்மையான விமானத்தை அரசு வெளிக்காட்டியது. அதன் உருவம் முற்றிலும் வேறாக இருந்தது. ஆக, ஊகத்தில் செய்த மாதிரிகூடக் காவலர்களின் புருவத்தை உயர்த்தும்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்காவில் தடை அறிவிக்கப்பட்ட ராணுவ நிலையத்தைப் படமெடுக்க அதன் கட்டளை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எடுத்த படத்தைத் தணிக்கைக்கும் காட்ட வேண்டும். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் செல்லும். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு, எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடத்தையோ மாதிரியையோ உருவாக்குவது அதன்படி குற்றம். வரைபடம் என்பதில் புகைப்படமும் அடங்கும். பாதுகாப்பு நிலைகள் தொடர்பான குற்றத்துக்கு 14 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்தும் நடத்தையிலிருந்தும் நீதிமன்றம் ஊகிக்க அதே சட்டம் இடம் தருகிறது. பொழுதுபோக்குக் கலைஞர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய பகுதி இதுதான். நல்லெண்ணம் நெஞ்சில் இருந்தால் போதாது, காகிதத்திலும் இருக்க வேண்டும். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் விமானங்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் ஆர்வலர்கள் 14 பேர், பிரிட்டிஷாரும் டச்சுக்காரரும், உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. அவர்களிடம் தீய நோக்கம் இல்லை. ஆனால் அதை நிலைநாட்ட ஓராண்டு பிடித்தது.

எளிய வழி, பணி முடித்த வண்டியிலிருந்து தொடங்குவது. இங்கிலாந்தின் போவிங்டன், பிரான்சின் சோமூர், மகாராஷ்டிரத்தில் முன்பு அகமதுநகர் என்று வழங்கிய அகில்யாநகர் ஆகிய ஊர்களில் டாங்கி அருங்காட்சியகங்கள் உள்ளன. சென்னையை அடுத்த ஆவடியில், பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பைத் தழுவி உருவான விஜயந்தா டாங்கிகள் இப்போது பணியில் இல்லை. பல ஊர்களில் காட்சிக்கு நிற்கின்றன. பொதுச் சாலையோரம் நிற்பதைப் படமெடுப்பதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. அதே டாங்கி ஒரு படைப்பிரிவின் வாசலுக்குள் நின்றால் நிலைமை வேறு. பின்னணியில் விழும் வேலியும் காவல் மேடையுமே அங்கே தடைக்குரியவை.

அனுமதிக் கடிதம் சுருக்கமாக இருப்பது நல்லது. அருங்காட்சியகமானால் காப்பாளருக்கும், படைப்பிரிவானால் மக்கள் தொடர்பு அதிகாரி வழியாகக் கட்டளை அதிகாரிக்கும் எழுத வேண்டும். எந்த வண்டி, என்று, எத்தனை பேர், எந்தக் கருவி, படம் எதற்கு என்பவை தெளிவாக வேண்டும். தான் முன்பு செய்த மாதிரிகளின் இரண்டு படங்களை இணைத்தால், பக்கம் பக்கமான விளக்கத்தைவிட அவையே நோக்கத்தைச் சொல்லிவிடும். உட்புறம், பார்வைக் கருவி, வானொலிக் கருவி ஆகியவற்றைப் படமெடுக்க மாட்டேன் என்றும், எடுத்தவற்றை அங்கேயே காட்டத் தயார் என்றும் எழுதினால் அதிகாரியின் கவலை பாதி தீரும். பதில் வரத் தாமதமானால் பணிவாக நினைவூட்டலாம். பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அனுமதி பெற்றவரின் படம் வேலிக்கு வெளியிலிருந்து அவசரமாக எடுத்த படத்தைவிட மேலானது. காரணம், அவருக்கு நேரம் கிடைக்கிறது. நாற்புறமும் வண்டியின் நடு உயரத்தில் கேமராவைப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று நீளக் குவியத்தில் எடுத்தால் உருவம் கோணாது. பிறகு நெருங்கி, சக்கரம், சங்கிலிப் பட்டையின் பற்கள், மட்கார்டின் நசுங்கல், புகைபோக்கியின் துரு என்று வரிசையாகப் போகலாம். ஒவ்வொரு நெருக்கப் படத்திலும் ஓர் அளவுகோலை வைத்தால் மேசையில் கணக்கு எளிது. மேகமூட்டமான நாளே உகந்தது. உச்சி வெயிலில் சக்கரங்களுக்கு இடையே நிழல் கட்டிவிடும். வர்ணத்தின் உண்மை நிறம் தெரிய, சாம்பல் நிற அட்டை ஒன்றையும் உடன் வைத்துப் படமெடுப்பது நல்ல பழக்கம்.

பணியிலிருக்கும் வண்டியானால் வீரர்களின் முகம், பிரிவுச் சின்னம், பதிவெண் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கைப்பேசியில் இடக்குறிப்பை நிறுத்திவிட வேண்டும். உடன் வரும் வீரர் போதும் என்றால் அப்போதே நிறுத்த வேண்டும். அவர் அழிக்கச் சொல்லும் படத்தை அவர் முன்பே அழிக்க வேண்டும். படமெடுக்கக் கிடைத்த இசைவு அதை வெளியிடுவதற்கான இசைவாகாது. பத்திரிகையிலோ கண்காட்சியிலோ வைப்பதானால் அதைக் கடிதத்திலேயே தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.