212 கிலோவும் மூன்று படிகளும்

(மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்கில் லெட்ஜர் எழுதியவனுக்கும் பளு தூக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கணக்குப் பிடிக்கும். பாரா பவர்லிஃப்டிங்கில் கணக்கு நிறைய இருக்கிறது.

இதில் பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான் போட்டி. காலிலோ இடுப்பிலோ குறைபாடு உள்ளவர்கள் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புவரை இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்தி, பிறகு இரண்டு கையும் சமமாக நிமிரும்படி மேலே தள்ள வேண்டும். மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் செல்லும். ஜிம்மில் நம் பிள்ளைகள் செய்யும்போது காலைத் தரையில் ஊன்றி அந்த பலத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே காலும் பெஞ்சின் மேலேயே நீட்டியபடி இருக்கும். பாரம் முழுவதும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கைக்கும்தான்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 310 கிலோ தூக்கினார். நம் வீட்டு கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 30 கிலோ. பத்து சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல், 31 வயதிலேயே அவர் காலமாகிவிட்டார்.

நம் நாட்டிலும் ஆட்கள் உண்டு. குழந்தையிலேயே போலியோ தாக்கிய பஞ்சாபின் ரஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அவருக்கு வெள்ளி, சகினா காத்தூனுக்கு வெண்கலம். 2022 பர்மிங்ஹாமில் ஹரியானாவின் சுதீர் தங்கமே வாங்கிவிட்டார்.

காமன்வெல்த்தில் பல எடைக்காரர்களை ஒரே பிரிவில் சேர்த்துவிடுவதால், தூக்கிய கிலோவை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. அவரவர் உடல் எடையையும் கணக்கில் எடுத்துப் புள்ளி போடுகிறார்கள். சுமார் 87 கிலோ எடையுள்ள சுதீர் 212 கிலோ தூக்கி 134.5 புள்ளி பெற்றார். இரண்டாவது வந்த நைஜீரியருக்கு 133.6. வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொரு விஷயம். காமன்வெல்த்தில் மாற்றுத்திறனாளிகளின் பதக்கத்துக்குத் தனிப் பேரேடு கிடையாது. அந்த ஆண்டு இந்தியா வாங்கிய 22 தங்கத்தில் சுதீருடையதும் ஒன்று.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். நம் ஜிம்முக்கும் இந்தக் கூடத்துக்கும் ஒரே வாசல், மூன்று படி. நான்கு வருடம் முன்பு பொதுக்குழுவில் அங்கே சாய்தளம் கட்டலாம் என்று ஒரு அம்மா சொன்னார். அப்போது பொருளாளராக இருந்த நான், "இதுவரை யாரும் கேட்கவில்லையே, வீண் செலவு" என்றேன். மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கூட்டம் நடந்ததும் இதே மூன்று படிக்கு மேல்தான். வீல்சேரில் இருப்பவர் எப்படி வந்து கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன மாதம் லிஃப்டில் நம் குடியிருப்புத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். வீல்சேரில் இருக்கிறார், பால்கனியிலேயே டம்பெல்ஸ் வைத்துப் பயிற்சி செய்கிறார். "ஜிம்முக்கு வரலாமே தம்பி" என்றேன். "ரெண்டு பேர் தூக்கிவிட்டா வரலாம் அங்கிள். தினமும் யாரைக் கூப்பிடறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்தின் கணக்கு. நம் படி மொத்தம் ஒன்றரை அடி. ஆக, பதினெட்டு அடி நீளம் வேண்டும். பூந்தொட்டிகளை நகர்த்தினால் இடம் இருக்கிறது, நானே டேப் பிடித்து அளந்தேன்.

ஜனவரி பொதுக்குழுவில் இதை நானே முன்மொழிகிறேன். செலவைப் பற்றிக் கேள்வி கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் "யார் கேட்டார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கூட்டத்தை மேலே வைக்காமல் கார் பார்க்கிங்கில் வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.