பாடல் பெறாத குளங்கள்



நீர்ப்பறவைகளைக் குறித்துப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்தார்கள். தமிழ்த்துறையைச் சார்ந்தவள் பறவையைப் பற்றிப் பேச எழுந்தால் நாரை, குருகு, அன்றில் எனச் சங்கப் பாடல்களிலிருந்து தொடங்குவாள் என்பது அவையோரின் எதிர்பார்ப்பாக இருக்கலாம். அவ்வழியை விடுத்துத் தேவாரத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

மூவர் பாடிய பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது மரபு. அவற்றுள் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127. ஆகச் சோழ நாட்டில் மட்டும் 190. நம் கொங்கு நாட்டிலோ ஏழே ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கருவூர், வெஞ்சமாக்கூடல். இக்கணக்கைக் கொண்டு சிவபெருமான் சோழ நாட்டில் மிகுதியாகவும் கொங்கு நாட்டில் குறைவாகவும் உறைகின்றான் என்று எவரேனும் முடிவு கட்டுவாரா? கட்டார். அடியார்கள் எவ்வழி நடந்தார்களோ அவ்வழியில் பதிகங்கள் எழுந்தன. அப்பட்டியல் இறைவன் இருக்கும் இடங்களின் வரைபடம் அன்று; அடியவர் நடந்த தடங்களின் வரைபடம்.

பறவை வரைபடங்களும் இத்தகையனவே. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் இ-பேர்டு என்னும் பொதுப் பதிவேட்டைத் தொடங்கின. பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றை நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு அதில் பதிகின்றனர். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நிகழ்கிறது. இப்பதிவுகளை நாட்டுப் படத்தின்மீது புள்ளிகளாக இட்டால், சில இடங்களில் புள்ளிகள் எறும்புப் புற்றைப்போல் மொய்க்கின்றன. சில இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வெறுமையான இடத்தில் பறவை இல்லை என்று பொருளா, பார்ப்பவர் இல்லை என்று பொருளா? படத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. ஆகவே, பறவைகள் எங்கெங்கே என்னும் படத்தை வரையுமுன், பார்வையாளர் எங்கெங்கே சென்றனர் என்னும் படத்தை வரைந்தாக வேண்டும்.

அப்படத்தை வரைந்தால் என்ன தெரியும்? பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஏரி தெரியும். ஞாயிற்றுக்கிழமை தெரியும். தொலைநோக்கி வாங்கும் வசதி படைத்தவர் வாழும் நகரம் தெரியும். முன்னரே புகழ்பெற்ற குளம் மேலும் மேலும் புகழ்பெறுவது தெரியும். அரிய பறவை ஒன்று வந்தது என்று செய்தி பரவினால் நாற்பது பேர் ஒரே கரையில் ஒளிப்படக் கருவியோடு நிற்பர். இரண்டு கல் தொலைவிலுள்ள குட்டையை எட்டிப் பார்க்க ஒருவரும் இரார். இன்னொன்றையும் பெண் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஊருக்கு வெளியே உள்ள குளக்கரையில் தனித்து நிற்க எத்தனை பெண்களால் இயலும்? அவர்கள் காணாத பறவைகளும் அந்த வெறுமையான இடங்களில்தாம் அடங்கியிருக்கின்றன. நம் சத்தியமங்கலத்துக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 2013 முதல் இது புலிகள் காப்பகம். பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் காட்டோரக் கரைகளிலும் உள்ளே இருக்கும் தடாகங்களிலும் யாரும் விரும்பியபடி உலவ முடியாது, உலவவும் கூடாது. அந்த வெறுமையை நாம் மதிக்க வேண்டும். ஆனால் ஊரைச் சார்ந்த குளங்களின் வெறுமைக்கு அத்தகைய நியாயம் ஏதுமில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். எண்ணிக்கைக்கு இன்று ஆற்றல் இருக்கிறது. 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. ஒரு நீர்நிலை 20,000 நீர்ப்பறவைகளை வாடிக்கையாகத் தாங்குமாயின், அல்லது ஒரு நீர்ப்பறவைத் தொகையில் நூற்றில் ஒரு பங்கை வாடிக்கையாகத் தாங்குமாயின், உலக முதன்மை வாய்ந்த ஈரநிலம் எனத் தகுதி பெறலாம் என்பன அதன் அளவுகோல்களுள் இரண்டு. எண்ணாத குளம் இவ்வளவுகோலுக்கு முன் எவ்வாறு நிற்கும்? திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்தை எண்ணிப் பாருங்கள். நல்லாற்று நீரைத் தேக்கும் அக்குளம் ஏறத்தாழ 125 எக்டேர் பரப்புடையது. ஆர்வலர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து சென்று பார்த்து எழுதினார்கள். 190க்கு மேற்பட்ட பறவையினங்கள் பட்டியலில் ஏறின. 2022இல் அது தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் தகுதியும் பெற்றது. ஈரோட்டை அடுத்த வெள்ளோடு 2022இலேயே அத்தகுதியை அடைந்துவிட்டது. இவை இக்காலத்துப் பாடல் பெற்ற தலங்கள்.

பட்டியல் இன்றியும் காவல் நிகழ்ந்ததுண்டு. வேடந்தாங்கல் மக்கள் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்து, 18ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு ஆட்சியரிடம் காப்புரிமை பெற்றனர். ஆனால் வேடந்தாங்கலுக்கு வாய்த்த ஊர் எல்லாக் குளங்களுக்கும் வாய்க்கவில்லை.

நம் பகுதிக்கு இது ஏன் இன்றைய கவலையாகிறது என்பதற்கு வருகிறேன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான கோரிக்கையாகிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நம் பவானி ஆற்றின் உபரிநீர் காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து குழாய்வழி ஏற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலுள்ள 1045 குளம் குட்டைகளுக்குச் செல்லும் ஏற்பாடு இது. முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்டதாகச் சொல்லப்படும் அவிநாசிப் பகுதியில், வறண்டு போன குளங்களை மீட்கும் முயற்சி இது என்று கொள்ளலாம். உழவர்க்கு இது பெரும்பேறு. அதில் எனக்கு ஐயமில்லை. பறவைகளுக்கும் பேறுதானா? நீர் ஆழமாக நின்றால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மகிழும். கணுக்கால் அளவு நீரும் சேறும் வேண்டும் உள்ளான்களுக்கு அங்கே இடமில்லை. கரைகள் ஒரு பக்கமேனும் சரிவாக இருந்தால் இரண்டும் வாழும். இவ்வாறு பார்த்துப் பார்த்து முடிவு செய்ய, நீர் வருமுன் அக்குளத்தில் என்ன இருந்தது, வந்தபின் என்ன வந்தது என்னும் குறிப்பு வேண்டும். 1045 பெயர்களுள் எத்தனைக்கு அத்தகைய குறிப்பு இருக்கும்? கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீரால் நிறையும் குட்டைகளுக்கும் இதே கேள்விதான். வாய்க்கால் சீரமைப்பைப் பற்றிய வழக்காடலில் கிணறும் பாசனமும் பேசப்பட்டன. அக்குட்டைகளை நம்பி வாழும் கொக்கும் நாமக்கோழியும் எத்தனை என்று எவரேனும் வினவினால் எடுத்து நீட்ட நம்மிடம் ஏடு இருக்கிறதா?

இக்குறையைக் களைந்த ஓர் எடுத்துக்காட்டு பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உண்டு. 2015 முதல் 2020 வரை கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் ஒரு பறவை நிலப்பட நூலுக்காக உழைத்தனர். மாநிலம் முழுவதும் பரவிய ஏறத்தாழ 4000 சிறு கட்டங்களில், மழைப் பருவத்தில் ஒருமுறையும் வறண்ட பருவத்தில் ஒருமுறையும் சென்று 361 இனங்களைப் பதிந்தனர். தாம் விரும்பிய இடத்துக்கு அவர்கள் செல்லவில்லை. வகுத்த முறை எந்தக் கட்டத்தைக் காட்டியதோ அந்தக் கட்டத்துக்குச் சென்றனர். அது தென்னந்தோப்பாயினும் சரி, நெருக்கமான தெருவாயினும் சரி. பறவை நோக்கும் இன்பத்தில் ஒரு பகுதியைத் துறந்தால்தான் இது கைகூடும். அந்தத் துறவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முப்பதாயிரம் பேரின் மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு எழுந்தது. நெடுங்காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களுள் 204 குறைந்துள்ளன என்கிறது அது. ஒரே குளத்துக்குப் பலர் சென்றதனால் அதன் குரல் மட்டும் ஓங்கிவிடாதபடி அறிஞர்கள் கணக்கைச் சீர்செய்ய வல்லவர்கள். ஆயினும் ஒருவருமே செல்லாத குளத்தைப் பேசவைக்கும் கணிதம் இல்லை.

இதில் புலவர்க்கு என்ன பணி? சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்டபோது, அதன் கால் நிறத்தையும் அலகின் வடிவையும், அது இணையோடு தென்திசையிலிருந்து வடதிசைக்குச் செல்வதையும் பாட்டிலேயே பொதிந்து வைத்தார். இன்றைய நோக்காளர் ஒருவர் அதைக் கொண்டு அப்பறவை எதுவெனக் கூறிவிட முடிகிறது. பின்வந்த நாமோ உரை எழுதும்போது ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்று எழுதிக் கடந்து போகிறோம். நெற்றியில் வெள்ளைத் தகடு இருப்பதால் நாமக்கோழி என்று பெயரிட்டவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. குளத்தோரத்து மக்கள் நாவில் வழங்கும் பெயர்களைத் திரட்டுவதற்கு உங்களைவிடத் தகுந்தவர் யார்?

எனவே ஒன்று கேட்கிறேன். நம் வட்டத்தினர் வாழும் ஊர்கள் பல. வரும் பொங்கலின்போது ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், இதுவரை யாரும் எழுதாத குளம் ஒன்றைத் தேர்ந்து, அரைமணி நேரம் நின்று எழுதுங்கள். நாள், புறப்பட்ட நேரம், நின்ற நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து செல்லலாம். காக்கையும் மைனாவும் உட்படக் கண்டதும் கேட்டதும் அனைத்தும் பட்டியலில் வரட்டும். பெயர் தெரியாதவற்றை உருவத்தால் எழுதுங்கள், பின்னர் கேட்டறியலாம். கூடு கண்டால் அதன் இடத்தை ஊரறிய எழுத வேண்டா. ஒரு நீர்ப்பறவையும் இல்லையெனில் வெறுங்கையோடு திரும்பியதாக எண்ணாமல், ‘நீர்ப்பறவை இல்லை’ என்று எழுதி நாளிடுங்கள். கோடையில் மற்றொருமுறை அதே கரைக்குச் செல்லுங்கள்.