கல்லூரிக் கட்டணம்: கடனுக்கு முன் உதவித்தொகை

பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பீஸுக்கு என்ன வழி?" என்பதுதான். நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன், திருப்பிச் செலுத்த வேண்டாத உதவிகளை முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையா? இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பொறியியல் போன்ற படிப்புகளில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சான்றிதழ் தாமதமானதாலேயே உதவித்தொகையை இழக்கும் பிள்ளைகள் உண்டு.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் கல்விக் கடன். பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள், பின்னாளில் சுமை குறையும்.

பணமில்லை என்று எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது. கேளுங்கள், விண்ணப்பியுங்கள், இது உங்கள் உரிமை.