வீட்டுக்குள் ஓடும் மகாவலி

தமிழ் இலக்கண நூலார் தகுதி வழக்கைப் பற்றிக் கூறுமிடத்து இடக்கரடக்கல் என ஒன்றை வகுத்துள்ளனர். நன்மக்கள் கூடிய இடத்திலே வாய்விட்டுச் சொல்லத் தகாத ஒன்றை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்லுதலே அது. ஆசிரியர்கள் வழிவழியாக அதற்குக் காட்டும் உதாரணம், 'கால் கழுவி வருதல்' என்பதாகும். சொல்லத் தகாதது மறைந்துவிட்டது. எஞ்சி நிற்பது தண்ணீர் ஒன்றே. இன்றைய பேச்சும் அந்த மரபைத் தழுவி, அத்தண்ணீரைப் பற்றியே ஆராய்கின்றது. ஒரு வீட்டிலே கால் கழுவுவதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் செலவாகின்றது? அத்தனையும் செலவாகத்தான் வேண்டுமா?

இவ்வினாவை எழுப்புவதற்குக் கண்டி மாநகருக்கு வடக்கேயுள்ள கட்டுகஸ்தோட்டையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. 'தோட்ட' என்னும் சிங்களச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். பெயரிலேயே ஆற்றைத் தாங்கிய ஊர் அது. மாத்தளைக்குச் செல்லும் தெருவும் புகையிரதப் பாதையும் அங்கேதான் மகாவலியைக் கடக்கின்றன. யானைகள் ஆற்றிலே நீராடுவதைக் காண ஒரு காலத்தில் உல்லாசப் பயணிகள் அவ்வூருக்குத் திரண்டு வந்தனர். ஆறு அகன்று அமைதியாக நிற்பதைப் பார்ப்பவர், 'இங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம்?' என்று எண்ணுவது இயல்பே.

ஆயினும் அந்த நீருக்கு உரிமை கோருவோர் பலர். கட்டுகஸ்தோட்டைக்குச் சற்றுக் கீழே, பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு முதல் ஓர் அணை ஆற்றை மறித்து நிற்கின்றது. மகாவலி நீரின் ஒரு பகுதி அங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்துச் சென்று, உக்குவளையில் மின்சாரத்தைப் பிறப்பித்து, பின்னர் வறண்ட வலயத்து வயல்களை நாடிப் போகின்றது. எஞ்சிய நீர், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கின்றது. உழவனுக்கும் ஆற்று நீர் வேண்டும். விளக்குக்கும் ஆற்று நீர் வேண்டும். இவ்விரண்டிற்கும் முன்னதாகக் குடிக்கவும் அதே நீர்தான் வேண்டும். வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த திருவள்ளுவரின் உள்ளக் கிடக்கை, தை மாசி மாதங்களிலே மலைநாட்டு மக்களுக்கு நன்கு விளங்கும். 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய வரட்சியை எவரும் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி, ஆற்று நீர் வீட்டுக்கு வரும் வழியைப் பார்த்தல் வேண்டும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே யப்பானியக் கடனுதவியுடன் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீரில் முதலிலே படிகாரம் போன்ற பொருள்கள் கலக்கப்படுகின்றன. கலங்கல் திரண்டு அடியிற் படிகின்றது. தெளிந்த நீர் மணற்படுகையினூடாக வடிகட்டப்படுகின்றது. கிருமிகளைக் கொல்லக் குளோரீன் இடப்படுகின்றது. அதன் பின்னரே பெரும் பாடு தொடங்குகின்றது. கண்டியும் அதன் சுற்றுப்புறமும் மலையும் சரிவுமாக அமைந்தவை. ஆறு பள்ளத்திலே கிடக்க, வீடுகள் மேட்டிலே நிற்கின்றன. ஆதலால் நீரை மலைமேலுள்ள தாங்கிகளுக்குப் பம்பிகளால் ஏற்றவேண்டும். ஆயிரம் லீற்றர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம். அதனை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு, எவ்வித இழப்பும் இல்லாத இயந்திரத்துக்குங்கூட ஓர் அலகு மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டும். உண்மையான இயந்திரங்களுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

இவ்வாறு படிகாரமிட்டு, வடித்து, மருந்திட்டு, மலையேற்றிய நீர், ஒரு குழந்தைக்குத் தயக்கமின்றிப் பருகக் கொடுக்கத்தக்க நீர், வீட்டையடைந்ததும் எங்கே போகின்றது? அதில் ஒரு பெரும் பங்கு மலசலகூடத்தின் தாங்கியிலே நிரம்பி, ஒருவர் கைப்பிடியை இழுத்ததும் சில விநாடிகளிலே மறைந்துவிடுகின்றது.

பழைய ஆங்கில முறைத் தாங்கி ஒவ்வோர் இழுப்புக்கும் இரண்டு கலன், அதாவது ஏறக்குறைய 9 லீற்றர் நீரைச் சொரியும். இதிலே வியப்பான ஒரு செய்தியுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே இத்தாங்கிக்கு வழங்கிய பெயரே 'நீர் விரயத் தடுப்பான்' என்பதுதான். அதற்கு முன்னர் மக்கள் குழாயைத் திறந்துவிட்டு மூடாமலே விட்டனர். அந்த வெள்ளத்தைத் தடுக்கவே, அளந்து சொரியும் தாங்கி வந்தது. அன்றைக்குச் சிக்கனமாக இருந்தது இன்றைக்கு ஊதாரித்தனமாயிற்று. சிக்கனத்தின் அளவுகோல் காலந்தோறும் மாறுவதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கட்டுகஸ்தோட்டையிலே ஐவர் வாழும் ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்க. ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து முறை மலசலகூடத்துக்குச் செல்வதாக வைத்துக்கொண்டால், இருபத்தைந்து இழுப்புக்கு 225 லீற்றர் நீர் போய்விடும். இனி, அவ்வீட்டிலே முழு இழுப்புக்கு 6 லீற்றரும் அரை இழுப்புக்கு 3 லீற்றரும் விடும் இரட்டைப் பொத்தான் தாங்கி இருப்பதாகக் கொள்க. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு முழு இழுப்பும் நான்கு அரை இழுப்பும் போதுமானவை. அது 18 லீற்றர். ஐவருக்கும் 90 லீற்றர். மிச்சம் நாளொன்றுக்கு 135 லீற்றர். மாதத்திலே அது 4,000 லீற்றரைத் தாண்டும். நீர்க் கட்டணச் சீட்டிலே ஆயிரம் லீற்றர் ஓர் அலகு. ஆகவே மாதத்துக்கு நான்கு அலகுகள் மிச்சமாகும். அலகுகள் ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறிச் செல்வதால், மிச்சமாகும் நான்கும் விலை கூடிய நான்காகவே இருக்கும்.

இந்த இரட்டைப் பொத்தானின் வரலாறு சுவையானது. மக்கள் வாழும் கண்டங்களுள் மிக வறண்டது அவுஸ்திரேலியா. அங்கே கரோமா என்னும் நிறுவனத்திலே பணியாற்றிய புரூஸ் தொம்ஸன் என்பவர் 1980 ஆம் ஆண்டிலே, முழு இழுப்புக்கு 11 லீற்றரும் அரை இழுப்புக்கு ஐந்தரை லீற்றரும் விடும் தாங்கியை ஆக்கினார். சிறு தேவைக்குச் சிறு நீர், பெருந் தேவைக்குப் பெரு நீர் என்பதே அவருடைய கருத்து. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் அக்கருத்து அதுவரை பெருவழக்குக்கு வரவில்லை. பின்னர் அளவுகள் படிப்படியாகக் குறைந்து, இப்போது முழு இழுப்புக்கு நாலரை லீற்றரும் அரை இழுப்புக்கு 3 லீற்றரும் விடும் தாங்கிகளும் வந்துள்ளன.

ஐக்கிய அமெரிக்கா வேறொரு வழியிற் சென்று, ஒரு பாடமும் கற்றது. 1992 ஆம் ஆண்டுச் சட்டம், 1994 முதல் புதிய வீட்டு மலசலகூடங்கள் ஓர் இழுப்புக்கு 6 லீற்றருக்கு மேல் விடலாகாது என்று விதித்தது. உற்பத்தியாளர் பலர் நீரைக் குறைத்தனரேயன்றிக் கிண்ணத்தின் வடிவை மாற்றவில்லை. ஒருமுறை இழுத்துப் போகாததை மக்கள் இரண்டாம் முறையும் இழுத்தனர், சிக்கனம் கேலிக்குள்ளாயிற்று. அப்பால், 2003 ஆம் ஆண்டிலே வட அமெரிக்க வல்லுநர்கள் சோயா அவரைப் பசையை உருண்டைகளாக்கிக் கிண்ணத்திலிட்டு, ஒரே இழுப்பில் எத்தனை கிராம் அகல்கின்றது என்று சோதித்து வெளியிடத் தொடங்கினர். 2006 இல் அந்நாட்டு அரசு வாட்டர்சென்ஸ் என்னும் முத்திரைத் திட்டத்தை ஏற்படுத்தியது. இம்முத்திரை பெறும் மலசலகூடம் ஓர் இழுப்புக்கு ஏறக்குறைய 4.8 லீற்றருக்கு மேற்படாத நீரில் 350 கிராமை அகற்றியாதல் வேண்டும். நீரைக் குறைப்பது மட்டும் சிக்கனமன்று, குறைந்த நீரால் வேலையை முடிப்பதே சிக்கனம் என்பது இதனால் விளங்கும். கிண்ணத்தின் சரிவும், வளைகுழாயின் வழுவழுப்பும், நீர் இறங்கும் வேகமும் சேர்ந்தே அவ்வேலையை முடிக்கின்றன.

இத்தனையும் கேட்ட ஒரு கிராமத்து முதியவர், 'இதற்கா இவ்வளவு ஆராய்ச்சி?' என்று நகைத்தால் அவரைக் குறை கூறுதல் இயலாது. இலங்கையின் சிற்றூர்களிலும் தோட்டப் புறங்களிலும் நெடுங்காலம் வழங்கிவரும், குந்தியிருந்து வாளியால் நீர் ஊற்றும் நீரடைப்பு மலசலகூடத்துக்கு இரண்டு மூன்று லீற்றர் நீரே போதுமானது. மேலைநாட்டார் அரை நூற்றாண்டு முயன்று எட்டிய அளவை அவ்வாளி முன்னமே எட்டியிருந்தது. ஊற்றுகிறவர் வாளியின் பாரத்தைக் கையிலே உணர்கின்றார். ஆதலால் அளந்தே ஊற்றுகின்றார். கைப்பிடியை இழுப்பவருக்கோ ஒன்பது லீற்றரின் பாரம் தெரிவதில்லை. வசதியோடு சேர்ந்து மறதியும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மலசலகூடம் முதன்முதல் வந்தது நீரைச் சேமிப்பதற்கன்று, நோயைத் தடுப்பதற்கே. 1916 ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, மருந்தைப்போலவே மலசலகூடமும் இன்றியமையாதது என்பது உணரப்பட்டது. ஆகவே, சேமிப்பின் பெயரால் தூய்மையைக் குறைத்தல் ஒருபோதும் கூடாது. சரியான கருவியைக் கொண்டு தூய்மையையும் சேமிப்பையும் ஒருங்கே பெறுதலே அறிவுடைமை.

மலைச்சரிவிலே வாழ்வோருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கண்டி நகரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கன்னொறுவையில் ஒரு நிலையம் எழுந்துள்ளபோதிலும், சுற்றுப்புறத்து வீடுகளிற் பெரும்பாலானவை இன்னும் கழிவுத் தொட்டியையும் ஊறு குழியையுமே நம்பியிருக்கின்றன. தொட்டியிலே கழிவு அமைதியாகத் தங்கினால்தான் திண்மப் பொருள் அடியிற் படியும். நீர் மிகுதியாகப் பாய்ந்தால், படியாத கழிவு குழிக்குத் தள்ளப்பட்டு, குழி விரைவிலே அடைபடும். நிரம்பிய குழியின் நீர் சரிவிலே கசிந்து கீழ்வீட்டாரின் கிணற்றை நாடும். மேல்வீட்டின் ஊதாரித்தனம் கீழ்வீட்டின் வயிற்றுநோயாக முடிதல் கூடும். நீரைக் குறைத்து விடுபவர் தம் பணப்பையைக் காப்பதோடு அயலவரின் கிணற்றையும் காக்கின்றார்.

புதிய தாங்கி வாங்க இயலாதவர் என்ன செய்வது? முதலாவது, ஒழுக்கைக் கண்டுபிடித்தல். தாங்கியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால், நீர் ஓசையின்றி இரவும் பகலும் கிண்ணத்திலே வழிந்துகொண்டேயிருக்கும். இவ்வகையில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் போய்விடுதல் உண்டு. சலவைக்கு இடும் நீலத்தில் சில துளிகளைத் தாங்கியில் விட்டு, அரை மணி நேரம் இழுக்காமல் காத்திருக்க வேண்டும். கிண்ணத்து நீர் நீலமானால் ஒழுக்கு உண்டு என்பது உறுதி. புதிய ரப்பர் மூடியின் விலை, ஒழுகிய நீரின் விலைக்கு முன் அற்பமானது. இரண்டாவது, பழைய பெரிய தாங்கியாயின், ஒரு லீற்றர் போத்தலிலே நீர் நிரப்பி இறுக மூடி, மிதவையிலே முட்டாதவாறு உள்ளே வைத்தல். ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு லீற்றர் மிஞ்சும். செங்கல்லை வைத்தல் ஆகாது. அது கரைந்து துகள் உதிர்த்து மூடியைக் கெடுக்கும். போத்தல் வைத்தபின் இருமுறை இழுக்க நேர்ந்தால், போத்தலை எடுத்துவிடுதலே நன்று. பழைய கிண்ணம் அத்தனை நீருக்கென்றே செய்யப்பட்டது. மூன்றாவது, துணி அலசிய நீரையும் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையும் ஒரு பீப்பாயிலே சேர்த்து, வாளியால் ஊற்றுதல். மழை குறையாத மலைநாட்டிலே, குடிக்கத்தக்க நீரை இப்பணிக்குச் செலவிட வேண்டிய நாட்கள் அதனாற் குறையும்.

வீட்டைப் புதிதாகக் கட்டுவோரும் பழையதைத் திருத்துவோரும் கடையிலே தாங்கியின் நிறத்தை விசாரிக்குமுன், ஓர் இழுப்புக்கு எத்தனை லீற்றர் என்று விசாரித்தல் வேண்டும். வாடகை வீட்டிலே தாங்கியை வாங்குபவர் வீட்டுக்காரர். கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். இருவரும் கலந்து பேசாவிடில் பழைய தாங்கி என்றும் மாறாது. நியூயோர்க் மாநகரம் இந்தச் சிக்கலை அறிந்து, 1994 முதல் 1997 வரை பழைய மலசலகூடங்களை மாற்றுவோருக்குப் பணவுதவி அளித்தது. ஏறக்குறைய 13 இலட்சம் மலசலகூடங்கள் மாற்றப்பட்டன. புதிய நீர்த்தேக்கத்தைத் தேடி மலைகளுக்குச் செல்லாமல், ஒரு மாநகரம் தன் வீடுகளுக்குள்ளேயே ஒரு நீர்த்தேக்கத்தைக் கண்டுபிடித்தது.

கட்டுகஸ்தோட்டையின் ஐவர் வாழும் வீட்டுக்கு மீண்டும் வருதல் தகும். அவ்வீடு நாளொன்றுக்கு மிச்சப்படுத்தும் 135 லீற்றர், மகாவலியின் பெருக்குக்கு முன் ஒரு துளியே. ஆனால் அது ஆற்றிலே கிடக்கும் நீரன்று. வடித்து, மருந்திட்டு, மலையேற்றிய நீர். அத்தகைய ஆயிரம் வீடுகளிலே நாளொன்றுக்கு 1,35,000 லீற்றர் மிஞ்சும். வரட்சிக் காலத்திலே மேட்டு வீட்டின் குழாய் காற்றை மட்டும் ஊதும் நாளில், பள்ளத்து வீட்டார் இழுக்காமல் விட்ட நீரே மேட்டு வீட்டுப் பானையை நிரப்பக்கூடும். கைப்பிடியிலே விரலை வைக்கும் பிள்ளைக்கு, எந்தப் பொத்தான் எதற்கு என்பதைத் தாய் ஒருமுறை சொல்லிக்கொடுத்தாற் போதும். வாளியின் பாரத்தைத் தம் கையிலே உணர்ந்த முன்னோரின் அறிவு, அப்பிள்ளையின் விரல் நுனியிலே மீண்டும் வந்து சேரும்.