மருந்தும் வெளிச்சமும்

(ஏழாயிரம்பண்ணையில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இருதய வியாதியைப் பற்றியும், அதற்கு வெளிச்சத்தைக் கொண்டு வைத்தியம் செய்யப் பார்த்த சங்கதியைப் பற்றியும் பேசும்படி கேட்டுக் கொண்டீர்கள். நாம் வைத்தியரல்ல. ஆதலால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இந்த ஊர்ப்பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. பட்டாசில் செலுத்துவதும் மருந்து. தீப்பெட்டியையே எடுத்துக் கொள்ளுங்கள். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். தனித்தனியே இருந்தால் சட்டைப்பைக்குள் சும்மா கிடக்கின்றன. ஒன்றோடொன்று உரசினால்தான் தீப்பிடிக்கிறது. இது அக்கினி பகவானின் மகிமையா என்று இவ்வூர்ப் பெண்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

வெளிச்ச வைத்தியமும் இதைப் போன்றதே. 1900இல் ஜெர்மனியில் மியூனிச் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் வைத்திய மாணவர், ஒருவகைச் சாயம் கலந்த தண்ணீரில் நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டால் விரைவில் சாவதையும், இருட்டில் அப்படிச் சாகாததையும் கண்டு எழுதி வெளியிட்டார். சாயமும் வெளிச்சமும் பிராணவாயுவும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன என்று பின்னர் விளங்கிற்று. இந்த வழியைப் புற்றுநோய்க்கும் கண்நோய்க்கும் பயன்படுத்தினார்கள்.

"இதெல்லாம் நம் ரிஷிகளுக்கு அன்றே தெரியும்" என்று உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் இருக்கச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் அது யாரும் தவம் செய்து பெற்ற வரமல்ல. மனிதர்கள் பலகாலம் செய்து பார்த்துக் கண்டது. அந்த ரகத்தைச் சேர்ந்த மருந்தையும் கதிரையும் அளந்து கொடுக்கும் முறை 1970களில்தான் ஏற்பட்டது. அளவு தப்பினால் தோல் வெந்துவிடும். வழி கண்ட முன்னோர்களுக்கு மரியாதை செய்வோம். அதற்காக அவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நிற்க வேண்டுமா என்று கேட்கின்றோம்.

இனி இரத்தக் குழாய்க்கு வருவோம். குழாயின் சுவரில் கொழுப்பும், அதைத் தின்று பருத்த அணுக்களும் சேர்ந்து கெட்டியாகி அடைப்பு உண்டாகிறது. அந்த அணுக்களில் போய்த் தங்கும் லுட்டேஷியம் கலந்த ஒரு மருந்தை ஊசி மூலம் செலுத்தி, பின்பு தலைமயிர் போன்ற கண்ணாடி இழையைக் குழாய்க்குள் விட்டு, அடைப்புள்ள இடத்தில் மாத்திரம் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினார்கள். அமெரிக்காவில் கால் குழாய்களில் செய்த பரிசோதனையை 2000இலும், இருதயக் குழாய்களில் செய்ததை 2003இலும் வெளியிட்டார்கள். இவை உடம்பு தாங்குமா என்று பார்த்த முதற்படிப் பரிசோதனைகளே. வியாதி தீரும் என்று ருஜுவாகவில்லை. அதே 2003இல் அந்நாட்டில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அனுமதி கிடைத்தது. அதுதான் ஆஸ்பத்திரிகளில் நிலைத்தது. வெளிச்ச வைத்தியம் இருதய அடைப்புக்கு வழக்கமான வைத்தியமாக வரவில்லை.

ஆகவே, "ஆப்பரேஷன் வேண்டாம், வெளிச்சம் காட்டியே அடைப்பைக் கரைத்து விடுகிறோம்" என்று எவனாவது உங்களிடம் பணம் கேட்டால், அவனுக்கும் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறவனுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள். சயன்ஸ் என்ற பெயரைச் சொன்னவுடன் கும்பிடுவதும் மூடநம்பிக்கைதான். சோதித்துப் பார்த்து, பலிக்காததைப் பலிக்கவில்லை என்று ஒப்புக் கொள்வதுதான் சயன்ஸின் யோக்கியதை. எந்தப் புராணமாவது, எந்தச் சாமியாராவது அப்படி ஒப்புக் கொண்டதுண்டா?

நெஞ்சு வலித்தால் நம்மவர்கள் செய்வது என்ன? "வாயு" என்று சோடா குடிக்கிறார்கள், விபூதி போடுகிறார்கள், இருக்கன்குடிக்கு நேர்ந்து கொள்ளுகிறார்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வலியோடு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அடைபட்ட குழாய்க்கு அந்த ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். இருதயத்தின் சதை செத்துக் கொண்டே போகிறது. செத்த சதையை எந்தச் சாமியும் திருப்பிக் கொடுத்ததில்லை. பூணூல் போட்ட மார்பாயினும் போடாத மார்பாயினும் அடைப்பு ஒரே மாதிரிதான் வருகிறது. அப்படியிருக்க இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது?

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை இவை கண்டால் உடனே 108க்குச் சொல்லுங்கள். 2023 ஜூனில் தமிழ்நாட்டு அரசாங்கம் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. ஸ்டென்டுக்கு மனம் போல் விலை வைத்துக் கொண்டிருந்ததற்கும் 2017 பிப்ரவரியில் இந்திய அரசாங்கம் வரம்பு கட்டிற்று. இவையெல்லாம் நம் வரிப்பணம். இவற்றைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.

கடைசியாக ஒன்று. மருந்துக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது என்று பட்டாசுக் கொட்டகையில் உங்களுக்குத் தெரியும். அதே பீடி உங்கள் இரத்தக் குழாய்க்குள்ளும் வெடிதான் வைக்கிறது. அதைக் கொட்டகைக்கு வெளியே விடுவது போல் வாழ்க்கைக்கு வெளியேயும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.